பின்னால் போகாத வண்டி

“…பின்னாடி மட்டும் போகாதுங்க. ஜூலியும் போகாது, நானும் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ரெஜினா கடிவாள வாரைக் கையில் சுருட்டிப் பிடித்தார்.

ஜூலி என்பது குதிரை. ரெஜினா அதை ஓட்டுகிறவர். அவருக்குப் பின்னால், குடை மடக்கிய சின்னச் சாரட்டில், பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு மணப்பெண். எதிரே, கை நீட்டினால் குதிரையின் மூக்கைத் தொட்டுவிடும் தூரத்தில், சந்தூக்கைத் தோளில் சுமந்தபடி தொப்பி அணிந்த ஆண்கள். சந்தூக்குக்குள் ஒரு பெரியவரின் உடல். இடம், சிதம்பரத்தில் ஒரு சந்து. சாரட்டு போனால் வேறு எதுவும் போக முடியாத அகலம். பின் சக்கரத்தை ஒட்டி நின்றிருந்தேன் நான். பிழைப்பே சக்கரம்தான் என்றாலும், அந்த நேரத்தில் என்ன செய்வதென்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சந்துக்கே வருகிறேன்.

எனக்குப் பழனியில் சைக்கிள் கடை. எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் சக்கரம் என்று எது சுற்றினாலும் அதன் பூர்வீகம் தெரிந்தாக வேண்டும் எனக்கு. பழைய புத்தகக் கடையில் படம் போட்ட புத்தகங்களை வாங்கி, படத்தைப் பார்த்துப் பாதி, யாரையாவது கேட்டுப் பாதி என்று குதிரை வண்டிகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததை எல்லாம் டியூப் ஒட்டக் காத்திருக்கிறவர்களிடம் சொல்லுவேன். “பஞ்சர் ஒட்டுறதுக்குக் குடுக்குறது பாதி, கதைக்குக் குடுக்குறது பாதி” என்பார் எங்கள் தெரு வாத்தியார்.

என் மருமகன் தோஹாவில் வேலை பார்க்கிறார். அவரோடு தங்கியிருக்கும் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், தன் ஊர்ப்பக்கம் நடந்த கல்யாணம் என்று ஒரு போட்டோ காட்டியிருக்கிறார். அது சுற்றி எனக்கு வந்து சேர்ந்தது. “மாமா, மாப்பிள்ளையைப் பாக்காதீங்க, வண்டியைப் பாருங்க” என்று மருமகன் எழுதியிருந்தார்.

பார்த்தேன். இப்போது கல்யாணங்களுக்கு வருகிற சாரட்டுகள் இரும்புக் குழாயை வளைத்து, வெள்ளிப் பெயிண்டு அடித்து, இரண்டு பக்கமும் அன்னப்பறவையை ஒட்டவைத்தவை. பாதிக்குக் குதிரையே கிடையாது, அடியில் பேட்டரி. இந்த வண்டியில் அன்னம் இல்லை. மர உடம்பு, படகு மாதிரி வளைவு. அடியில் இரண்டு வில்பட்டைகள் வாயோடு வாய் வைத்து, மீன் வடிவத்தில். பின் சக்கரம் பெரிது, முன் சக்கரம் சின்னது. வண்டி கடலூரிலிருந்து வந்ததாம்; மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கடலூரில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். படித்த வார்த்தையை விட மனசில்லாமல், “இங்கே ஒரு பழைய பக்கி இருக்குதாமே, எங்கே பார்க்கலாம்?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு சக்கரத்தில் ஒற்றைக் குதிரை இழுக்கும் சின்ன வண்டிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. நான் பார்க்க வந்தது நாலு சக்கரம்; அதற்குப் பெயர் பீட்டன். பக்கி என்றால் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. “ஒண்ணுதான் கேள்விப்பட்டீங்களா? உள்ள பாருங்க, பெஞ்சுல படுத்துகினு இருக்குது. என் மச்சான்தான். காலையிலேர்ந்து எட்டு வடை.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏழு மாமா.”

சாப்பாட்டுக்கு அலைகிறவனுக்கு ஊரெங்கும் அந்தப் பெயர்தான் என்பது எனக்கும் தெரியும். புத்தக ஞாபகத்தில் மறந்துவிட்டேன். கல்யாணச் சாரட்டு என்று திருத்திக் கேட்டதும் பக்கியே எழுந்து வந்து வழி சொன்னார். “ரெஜினாக்காவா? ஓ.டி.ல போயி குதிரைக்கார அக்கான்னு கேளுங்க. யாரையும் கேக்காட்டியும் பரவால்ல, மூக்கே சொல்லிடும்.”

மூக்கு சொல்லியது. ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு மதில் ஓரத்துக் கொட்டகையில், சாணி வாசமும் பக்கத்துக் கருவாட்டு வாசமும் கலந்த இடத்தில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அச்சுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

“குதிரையப் பாக்க வந்தீங்களா, வண்டியப் பாக்க வந்தீங்களா?”

“வண்டியைங்க.”

“அப்ப ஜூலி கோவிச்சுக்கும். மொதல்ல அதைப் பாத்துட்டு வந்துடுங்க அண்ணா.”

பார்த்தேன். செம்பழுப்பு நிறம், நெற்றியில் விபூதிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளை. புதுச்சேரிக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்ததாம். கழுத்தில் அகலமான தோல்பட்டை, அதில் வரிசையாகப் பித்தளை மணிகள். தலையை ஆட்டினால் கொட்டகை முழுவதும் கலகலத்தது. என் பையை மோந்து பார்த்தது. ரெஜினா ஒரு முந்திரிப் பழத்தை என் கையில் வைத்து அதற்குக் கொடுக்கச் சொன்னார். “ஒண்ணுதான் அண்ணா. ஜாஸ்தி தின்னா வயிறு புடிச்சுக்கும். அதுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியணும்.”

பிறகு வண்டிக்கு வந்தோம். ரெஜினா முன்பு ஆட்டோ ஓட்டியவர். ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும் சவாரி. அந்த வீட்டுப் பின்கட்டில் கோழி அடைக்கும் இடமாகக் கிடந்திருக்கிறது இது. “கோழிக்கு எதுக்குங்க சோபான்னு கேட்டேன். எடுத்துகினு போயேன், எடம் காலியாகட்டும்னாங்க.” தம்பி லூர்து வெல்டிங் தெரிந்தவர். உளுத்த கட்டையை எடுத்துவிட்டு இரும்பு வைத்தார். மோட்டார் மாட்டிவிடலாம் என்று அவர் இன்றுவரை சொல்கிறார், ரெஜினா கேட்பதில்லை.

நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். நடுவில் கிடைமட்டமாக ஒரு இரும்பு வளையம். அதன்மேல்தான் முன் அச்சு திரும்புகிறது. முன் சக்கரம் சின்னதாக இருப்பது அழகுக்கு இல்லை. வண்டி திரும்பும்போது அது உடம்புக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும், பெரிதாக இருந்தால் இடிக்கும். அந்த வசதியால்தான் இந்த மாதிரி வண்டி சின்ன இடத்தில் வட்டம் போடும். எங்கள் ஊர் ஜட்காவுக்கு இதெல்லாம் கிடையாது. இரண்டே சக்கரம். “முன்னே தள்ளுங்க, கொஞ்சம் பின்னே தள்ளுங்க” என்று வண்டிக்காரர் நம்மை மூட்டை மாதிரி அடுக்குவார். முன்பாரம் ஏறினால் குதிரைக்கு முதுகு வலி, பின்பாரம் ஏறினால் குதிரை அந்தரத்தில். சமன் செய்வது பயணியின் வேலை.

யோசித்துப் பார்த்தால், வண்டி என்பது முதலில் பாரம் ஏற்ற வந்ததுதான். ஒருவரை, மிஞ்சினால் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு காற்று மாதிரி போக ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை ரொம்பத் தாமதமாக வந்தது. அதற்கு நல்ல ரோடு வேண்டும், மெல்லிய சக்கரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வில் வேண்டும். வில் வருவதற்கு முன்னால் உடம்பைத் தோல்வாரில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கப்பலில் போகிற மாதிரி ஆட்டியதாம். இந்தக் கடலூரில் வந்து இறங்கிய துரைமார்கள்கூட முதலில் பல்லக்கில்தான் போயிருக்கிறார்கள். ரோடு போட்ட பிறகுதான் மனிதத் தோளிலிருந்து இறங்கிக் குதிரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கூரைக்கு ஒரு பெயர், சக்கரத்துக்கு ஒரு பெயர் என்று அவர்கள் வைத்த அத்தனை பெயரையும் நம் ஆட்கள் சாரட்டு, கோச்சு என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஜட்கா வடக்கிலிருந்து வந்த சொல். உலுக்கல் என்று அர்த்தமாம். ஏறிப் பார்த்தவர்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அடியில் படுத்தபடியே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரெஜினா குனிந்து பார்த்து, “அண்ணா, மணி எதுக்குக் கட்டுனாங்கன்னு புஸ்தகத்துல போட்டிருக்கா?” என்று கேட்டார்.

“வழி விடச் சொல்லித்தான். லேசான வண்டி, சத்தமில்லாமல் வேகமாக வந்துவிடும். ரோட்டில் நடக்கிறவன் ஒதுங்க வேண்டுமே.”

“ஆமா. ஆனா இப்ப அது வேற மாதிரி ஆயிடுச்சு. மணி கேட்டா யாரும் ஒதுங்கறதில்ல, வெளிய ஓடியாந்து நிக்கறாங்க.”

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். எங்கள் ஊரில் மீன் என்றால் அணைக்கட்டு மீன்தான், கொஞ்சம் சேற்று வாசம் இருக்கும். இங்கே மீன் கடலை விட்டு வந்ததே அதற்குத் தெரியாது. நான் மூன்றாம் முறை குழம்பு கேட்டபோது லூர்து, “அந்த டீக்கடையில நீங்க தேடுன பக்கி நீங்கதான் போல” என்றார். கதை அதற்குள் ஓ.டி. வரை வந்திருந்தது.

மறுநாள் சிதம்பரத்தில் ஒரு பெண் அழைப்புக்கு வண்டி போகிறது, கூட வருகிறீர்களா என்று ரெஜினா கேட்டார். கேட்க வேண்டுமா? அப்போதுதான் அந்த விஷயத்தையும் சொன்னார். இந்தப் பக்கம் கல்யாணப் பெண்ணை ஏற்றிய வண்டி ஒரு அடிகூடப் பின்னால் போகக்கூடாது. சாரட்டு பேசும்போதே முதல் கேள்வி அதுதானாம்: “ரிவர்ஸ் எடுக்காம வந்துடுவீங்களா?”

“எடுத்தா என்ன ஆகும்?”

“எனக்கு ஆனதுதான் ஆகும்” என்றார். அவர் கல்யாணத்தன்று பெண் அழைப்புக் கார் மண்டபத்து வாசலில் டயர் வெடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மாமியார் அதைக் கடைசிவரை விடவில்லை. பால் பொங்கி வழிந்தால் டயர். கரண்டு போனால் டயர். புருஷனுக்கு வேலை போனபோதும் டயர். ‘வரும்போதே டயர் வெடிச்சவ’ என்றுதான் தெருவில் பேர்.

“கடைசி காலத்துல நான்தான் பாத்துகிட்டேன். குளிப்பாட்டுறப்ப கூட தண்ணி சூடு ஜாஸ்தின்னா, டயர் வெடிச்சவளேன்னு கூப்புடுவாங்க. செத்த அன்னிக்கு என்ன சொல்லி அழறதுன்னே தெரியல எனக்கு. ‘இனிமே டயரச் சொல்றதுக்கு யாரு அத்தே இருக்காங்க’ன்னு அழுதேன். எழவுக்கு வந்த சனம் அத்தனையும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சுட்டேன். அப்பறம்தான் நெஜமா அழுதேன்.”

குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “என் வண்டியில ஏறுற பொண்ணு யாரும் அந்த மாதிரி பேரு வாங்கக்கூடாது அண்ணா. அவ்வளவுதான் எனக்கு.”

நாளைய பெண் சுகன்யா, மேல்பட்டாம்பாக்கம் பக்கம். நர்ஸ் வேலை. அந்த வீட்டில் முதலில் சம்பளம் வாங்கிய ஆள் அவள்தான். மாப்பிள்ளையின் அம்மா ஏசி கார் போதும் என்று சொல்லியிருக்கிறார். சாரட்டில்தான் வருவேன் என்று சுகன்யா பிடிவாதமாக நின்று, ரெஜினாவுக்குத் தானே போன் பண்ணியிருக்கிறாள். “அக்கா, நான் கேட்டுத்தான் இந்த வண்டி. ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலையிலதான் விழும்” என்றாளாம்.

மறுநாள் விடியலிலேயே கிளம்பினோம். குட்டியானை என்று இங்கே சொல்கிற சின்ன லாரிகள் இரண்டு. ஒன்றில் வண்டி, ஒன்றில் ஜூலி. ஜூலியின் வண்டியை லூர்து ஓட்டினார். குதிரை ஆனைமேல் ஏறிப் போவதை முதல்முறையாகப் பார்த்தேன். ரோட்டில் ஒரு பஸ் எங்களை ஒட்டியே வந்தது; ஜன்னல் எல்லாம் செல்போன். ஜூலி காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, போட்டோவைப் பற்றிக் கவலைப்படாமல் நின்றது.

பாதி வழியில் படார் என்று ஒரு சத்தம். ஜூலி ஏறியிருந்த குட்டியானை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

ரெஜினா இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, இடுப்பில் கை வைத்தார். “இந்த ஜென்மத்துல டயர் என்னை விடாது.”

ஸ்டெப்னியைக் கழற்றினால் அதிலும் காற்று இல்லை. லூர்து வானத்தைப் பார்த்தார். என் பையில் ஒட்டுகிற சாமான் எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும், வீட்டில் திட்டு வாங்குவேன். வெடித்த டயரை ஓரமாகப் போட்டுவிட்டு ஸ்டெப்னி டியூபை ஒட்டிக் கொடுத்தேன். அதுவரை ஜூலியை இறக்கி முந்திரித் தோப்பு நிழலில் கட்டியிருந்தார்கள். கிளம்பும்போது ரெஜினா எல்லாரையும் பார்த்து, “இதை அங்க யாரும் சொல்லக்கூடாது. பொண்ணு ஏறறதுக்கு முன்னாடி வெடிச்சது கணக்குல வராது” என்றார்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் இட்லியும் கொத்சும். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துப் புளிவிட்டு, எங்கள் ஊர் சாம்பாரைக் கூட நிற்க விடாத ஒரு குழம்பு. நான் ஆறாவது இட்லிக்குக் கை நீட்டியபோது லூர்து இருமினார். நிறுத்திக்கொண்டேன்.

சாப்பிட்டதும் ரெஜினா வழி பார்க்கக் கிளம்பினார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் காலையில் நடந்து பார்த்துவிடுவாராம். வீதியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் பெண் ஏறுவாள். வீதியோடு கொஞ்ச தூரம். பிறகு ஒரு சந்து. சந்தின் அந்தக் கோடியில் மண்டபம். வீதி அகலத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். சந்தைப் பார்த்ததும் போய்விட்டது. ரெஜினா கையால் முழம் போட்டுப் பார்த்தார். “போகும். எதுவும் எதிர்ல வராம இருந்தா சரி.”

சந்தின் நடுவில் ஒரு வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி. எங்களைப் பார்த்துப் பேப்பரைத் தாழ்த்தினார்.

“என்னம்மா ரோட்டை அளக்கறே? முனிசிபாலிட்டியா?”

“இல்ல பாய். சாயங்காலம் கல்யாணச் சாரட்டு வருது. குதிரை வண்டி.”

“நெஜக் குதிரையா, பேட்டரியா?”

“நெஜக் குதிரை.”

“குதிரைக்கு ஹாரன் கெடையாதே. வர்றது எப்படித் தெரியும்?”

“கழுத்துல மணி கட்டியிருக்கு பாய்.”

“எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நல்லா ஆட்டச் சொல்லு. மணி கேட்டதும் வெளிய வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் சுகன்யா கோயில் வாசலில் ஏறினாள். ஏறும்போது ஜூலியின் நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் ஏறினாள். முன்னால் பேண்டு செட்டு, பின்னால் சீர்த்தட்டுகள், பக்கத்தில் தாய்மாமன் செல்வராசு. அவருக்கு ஒரு கையில் தோளில் நழுவும் துண்டு, இன்னொரு கையில் நிற்காமல் அடிக்கும் போன். மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மா. “வந்துகிட்டே இருக்கோம் அத்தாச்சி. குதிரை அத்தாச்சி, குதிரை. காருன்னா அப்பவே வந்திருக்கும், தெரியுது அத்தாச்சி.”

வீதியில் ஜூலி ராணி மாதிரி நடந்தது. மணி கேட்டு மாடியெல்லாம் ஆட்கள். ரெஜினா சொன்னது சரிதான், யாருமே ஒதுங்கவில்லை. சந்துக்குள் திரும்பினோம். முன் அச்சு வளையத்தில் வழுக்கி, சின்னச் சக்கரம் உடம்புக்கு அடியில் புகுந்து, வண்டி வாழைத்தோல் உரிகிற மாதிரி திரும்பியதைப் பார்த்து எனக்கு வாய் மூடவில்லை. பேண்டு செட்டு வழியை அடைக்க வேண்டாம் என்று சந்து முனையிலேயே பின்னால் வரச் சொல்லிவிட்டார்கள். சந்தின் பாதியை நெருங்கியிருப்போம். வளைவில் சந்தூக் வந்தது.

வாத்தியம் இல்லை, வெடி இல்லை. அவர்கள் வழக்கப்படி மெதுவான ஓதல் மட்டும், வேகமான நடை. எங்கள் பேண்டுச் சத்தத்தில் அது எங்களுக்குக் கேட்கவில்லை. சந்தூக்குக்குப் பின்னால் சந்து நிறைய ஆண்கள். பேண்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். ஜூலி தலையை ஆட்டியது. கலகலவென்று மணி. ரெஜினா குதித்து இறங்கி, ஒரு கையால் மணிப்பட்டையை அழுத்திப் பிடித்தார்.

சந்தூக்கின் முன்பக்கத்தைத் தோளில் வைத்திருந்தவர் நாற்பது வயதுக்காரர், கண் சிவந்திருந்தது. “மன்னிச்சுக்கம்மா. எங்க அத்தா. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவருதான்.” பிறகு குதிரையைப் பார்த்தார். “சாப்பிடறப்ப கூடச் சொன்னாரு, சாயங்காலம் குதிரை வருது, மணி கேட்டா என்னைக் கூப்புடுன்னு.”

அவர்களுக்குப் பின்னால் ஒரு வாசலில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ரெஜினாவும் அதைத்தான் பார்த்தார்.

“நீங்க போங்க தங்கச்சி. கல்யாணம். நாங்க பின்னாடி போயிக்கறோம்” என்றார் மகன்.

செல்வராசு பதறிவிட்டார். “ஐயையோ வேணாம் பாய். தூக்குன ஒடம்பு திரும்பக் கூடாது.”

“எங்கள்ல அதெல்லாம் கெடையாதுங்க.”

“உங்கள்ல இல்லாட்டி என்ன, எங்களுக்கு இருக்கு பாய். பெரியவர நாங்க திருப்பி அனுப்பினோம்னு பேரு வேணாம். எதிர்ல வந்தது எங்களுக்கு நல்ல சகுனம்தான். யாரு பின்னாடி போறதுன்றதுதான்…” அவர் போன் அடித்தது. “வந்துட்டோம் அத்தாச்சி. சின்ன டிராபிக் அத்தாச்சி.”

பின்னால் வந்த சீர்த்தட்டுக்காரர்களில் ஒருவர், வண்டியை முனைவரை பின்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்றார். அதற்குத்தான் ரெஜினா அந்தப் பதிலைச் சொன்னார், நான் முதலில் எழுதியது: பின்னாடி மட்டும் போகாதுங்க, ஜூலியும் போகாது, நானும் போக மாட்டேன்.

திருப்பலாம் என்றால், என் சின்ன முன் சக்கரம் எவ்வளவுதான் அடியில் புகுந்தாலும், சந்தின் அகலம் குதிரையின் நீளம்கூட இல்லை. சுகன்யா மேலிருந்து மெல்லச் சொன்னாள். “நான் எறங்கி நடந்துடறேன்க்கா. பாவம், அவுங்க தோள்ல வச்சுகினு நிக்கறாங்க.” நடந்து போனால் மண்டப வாசலில் என்ன பேர் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“நீ உக்காரும்மா” என்றார் ரெஜினா. “எங்க அத்தா அவசரப்படற ஆள் இல்ல” என்றார் மகன், கிட்டத்தட்ட சிரிப்பு மாதிரி ஒன்றோடு. “பஸ்ஸுல எல்லாரையும் ஏத்திவிட்டுட்டுத்தான் ஏறுவாரு. நிப்பாரு.”

ரெஜினா சந்தை மேலும் கீழும் பார்த்தார். எங்களுக்கு நேர் இடதுபக்கம் ஒரு வீடு. சாக்கடைக்கு மேல் சிமெண்டுப் பாலம், அதற்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடம், அங்கே ஒரு ஸ்கூட்டி. அவர் பார்த்ததும் அந்த வீட்டு அம்மா ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டியை உள்ளே தள்ளிவிட்டார்.

ரெஜினா வாரை அவிழ்த்தார், ஏர்க்காலிலிருந்து ஜூலியை வெளியே எடுத்தார், மணியை விடாமல் பிடித்தபடியே பக்கத்து வீட்டுப் படியோரம் கொண்டுபோய் நிறுத்தினார். “பின்னாடியும் வேணாம், முன்னாடியும் வேணாம். பக்கவாட்டுல தூக்குங்க. பொண்ணு எறங்க வேணாம். லேசான வண்டிதான்.”

பிறகு சந்தூக்குக்குப் பின்னால் வந்தவர்கள் முதலில் வந்தார்கள், சட்டைக்கையை மடக்கிக்கொண்டு. எங்கள் பக்கத்து மாமன்கள் சீர்த்தட்டைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தச் சந்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், “சக்கரத்தைப் பிடிக்காதீங்க, வில்லைப் பிடிக்காதீங்க, அச்சைப் பிடிங்க” என்று கத்தியதுதான். செல்வராசுவும் தொப்பி போட்ட ஒரு பெரியவரும் ஒரே அச்சின் இரண்டு பக்கத்தைப் பிடித்தார்கள். தூக்கினார்கள். சுகன்யா இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வண்டி தரையை விட்டு எழுந்து, பல்லக்கு மாதிரி ஒருமுறை அசைந்து, சாக்கடையைத் தாண்டிப் பக்கவாட்டில் போய் அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தது.

போன் அடித்தது. செல்வராசு மூச்சு வாங்க எடுத்தார். “இல்ல அத்தாச்சி, பின்னாடி எல்லாம் ஒரு அடி போகல. உங்க மருமவளக் கையிலயே தூக்கிகினு வர்றாங்க, போதுமா?” மறுமுனை என்ன சொன்னதோ, அவர் முகம் தளர்ந்தது. “ஆரத்தி கரைச்சு வைக்கச் சொல்றாங்க” என்று எங்களிடம் சொன்னார்.

சந்து திறந்தது. ஓதல் மறுபடி தொடங்கியது. மகன் சுகன்யாவைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு முன்னே நடந்தார். சந்தூக் மெதுவாக நகர்ந்து வந்தது. பெண்கள் கைகூப்பினார்கள். ரெஜினா ஜூலியின் கழுத்தோடு ஒட்டி நின்று, மணிகள் அத்தனையையும் இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

சந்தூக் ஜூலிக்கு நேரே வந்தபோது, ரெஜினா கையை எடுத்தார்.